காலணியோடு போனவர்

அக்டோபர் 17, திங்கள்

நான் அழவில்லை. நீதிமன்ற வாசலில் கர்னல் மக்பானுவாவின் மனைவி கண்ணீர் விட்டதாக நேற்றைய செய்தித்தாளில் எழுதியிருக்கிறார்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு வெயில் பட்டால் என் இடது கண்ணில் நீர் வடியும். இடது கண்ணில் மட்டும். ஒற்றைக் கண்ணால் யாரும் அழுவதில்லை. தாங்கள் எடுத்த படத்தைத் தாங்களே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னும் இரண்டு தவறுகள். நான் இந்தியாவில் பிறந்தவள் என்கிறார்கள். நான் மலாயாவில், தைப்பிங்கில் பிறந்தவள். அப்பா சவரிமுத்து அங்கே ரயில்வேயில் சிக்னல் பார்த்தார். நான் கான்வென்டில் படித்தேன். ராணுவப் பயிற்சிக்காக ஜொகூருக்கு வந்திருந்த ஒரு பிலிப்பைன்ஸ் அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு மணிலாவுக்குக் கப்பலேறினேன். இந்தியாவை நான் பார்த்ததே இல்லை.

மற்றொன்று: வீரர் கல்லறைத் தோட்டத்திலிருந்து என் கணவரின் எலும்புகளை எடுத்துவிடுவேன் என்று நான் மிரட்டினேனாம். மிரட்டவில்லை. எடுக்கப்போகிறேன் என்று தகவல் சொன்னேன்.

காரணம் நாடறிந்தது. ராணுவச் சட்டம் போட்டு நாட்டை ஆண்டு, என் கணவரைச் சிறையில் வைத்த அந்த மனிதரின், பல வருடமாகப் பாதுகாத்து வைத்திருந்த உடலை அதே தோட்டத்தில் அடக்கம் செய்ய இப்போதைய அரசு உத்தரவிட்டிருக்கிறது. வழக்கு நடக்கிறது. அவர் பெயரை இந்த நோட்டில் நான் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். அவர் உள்ளே வந்தால் எலிசேயோ வெளியே வருவார். என் பங்குக் கோயில் சுவரில், எலும்புப் பெட்டி வைக்கும் மாடம் ஒன்றை எப்போதோ வாங்கிப் போட்டிருக்கிறேன். இரண்டு பெட்டிக்கு இடமுண்டு.

இது கொள்கை சம்பந்தப்பட்டது. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 19, புதன்

கறுப்பு ஷூவின் அடி பிளந்துவிட்டது. தைக்கக் கொடுத்தேன். புதிதாக வாங்கலாம் என்கிறாள் வீட்டில் உதவிக்கு இருக்கும் நெனிதா. என் வயதில் புது ஷூ பழகும் முன் கால் போய்விடும்.

அக்டோபர் 23, ஞாயிறு

ரஃபாயெல் கலிஃபோர்னியாவிலிருந்து பேசினான். என் மகன் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவான். தமிழ் சொல்லிக் கொடுக்க நினைத்தபோதெல்லாம் வீட்டில் வேறு ஏதாவது நடந்துகொண்டிருந்தது. செய்தித்தாளை இணையத்தில் பார்த்தானாம்.

"அப்பாவ நிம்மதியா விடுங்களேம்மா" என்றான்.

நிம்மதியாக இருக்கிறார் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். தன்னோடு வந்து இருக்கும்படி மறுபடியும் அழைத்தான். வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்றேன். அந்தப் பேச்சு எப்போதும் அங்கே முடியும்.

மதியம் ரசம் வைத்தேன். நெனிதா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவள் இந்த வீட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள். சமையல், துணி, மருந்து எல்லாம் அவள்தான். ஆனால் மிளகு வாசனையோடு மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. முன்கதவுக்கு நான் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை என்று இன்றும் குறைப்பட்டாள். திருடன் வருவானாம். பூட்டு இருக்கிறது. தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 27, வியாழன்

கல்லறைத் தோட்ட அலுவலகத்திலிருந்து கேப்டன் உமாலி என்ற பெண் அதிகாரி ஃபோன் செய்தாள். மரியாதையான குரல். மனு கொடுத்தால் அனுமதி கிடைத்துவிடும், கவலைப்பட வேண்டாம் என்றாள். அதை எழுத்தில் தரச் சொன்னேன்.

"நான் சொல்றேனே மேடம், அது போதாதா?"

போதாது என்றேன். அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். ராணுவச் சட்டம் வந்த அந்த செப்டம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்த மேஜரும் மரியாதையாகத்தான் பேசினான் என்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. கைது என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை. அழைப்பு என்றான். எலிசேயோ அப்போது செனட்டர். செனட்டரை ஒரு பேச்சுக்கு அழைக்கிறார்கள், காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்றான். அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன்.

சிரித்துவிட்டு, "உங்க கான்வென்ட்ல எல்லாத்தையும் எழுதித்தான் வாங்குவாங்களா, மேடம்?" என்றான்.

எலிசேயோ சட்டையை மாற்றிக்கொண்டு அவனோடு போனார். காலையில் முட்டை அவித்து வைத்தேன். பள்ளிக்கூடம் கிளம்பிய ரஃபாயெல் அதை எடுக்கப் போனான். அது அப்பாவுடையது என்று கையைத் தட்டிவிட்டேன். அவர் திரும்பி வந்தபோது ரஃபாயெலுக்கு மீசை முளைத்திருந்தது.

நவம்பர் 1, செவ்வாய். சகல பரிசுத்தவான்கள் திருநாள்.

இன்றைக்கு இந்த நாட்டில் வீடுகளில் ஆளிருக்காது. எல்லோரும் பாய், நாற்காலி, சாப்பாட்டுக் கூடை சகிதம் தங்கள் குடும்பத்தாரின் கல்லறைகளுக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார்கள். சீட்டுக்கூட ஆடுவார்கள். கல்யாணமான வருடம் இதைப் பார்த்து எனக்கு அதிர்ச்சி. இப்போது நானும் மடக்கு நாற்காலி கொண்டுபோகிறேன். சீட்டு ஆடுவதில்லை.

சார்ஜென்ட் கிரிஸ்புலோவை அவர் மகள் லூஸ் கொண்டுவந்து விட்டுப் போனாள். எலிசேயோவின் பழைய ஆட்களில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். ஜப்பான்காரர்கள் வந்தபோது பனாய் தீவின் மலைகளில் இருவரும் ஒன்றாகச் சண்டையிட்டவர்கள். வயது தொண்ணூற்று நான்கு. தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, சிலுவைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். பிறகு, தான் கொண்டுவந்த நூடுல்ஸை எனக்குக் கொடுக்காமல் கர்னலுக்கு வைத்தார்.

"கர்னலுக்குப் பசிக்கும். உங்களுக்குக் கோபம் இருக்கு, அதுவே வயித்த ரொப்பும்" என்றார்.

எலும்பை எடுக்கும் விஷயத்தை லூஸ் சொல்லியிருக்கிறாள் போலும். நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு அந்த வரிசையைத் தடியால் காட்டினார். இங்கே வலது பக்கம் இருப்பது சமையல்காரன் பாஸ்குவால். அதற்கடுத்து மோர்ஸ் தந்தி அடித்தவர். பின்வரிசையில் அண்ணன் தம்பி இருவர். எல்லோரும் எலிசேயோவின் ஆட்கள். அவர்கள் பக்கத்தில் தன்னைப் போட வேண்டும் என்பது எலிசேயோவின் விருப்பமாகவே இருந்தது. அன்றைக்கு அவருக்கு அந்த மனிதரும் இங்கே வருவார் என்று தெரியாதே என்றேன்.

"மேடம், ஆத்தைக் கடந்தோமே, அந்தக் கதை சொல்லியிருக்காரா?"

சொல்லியிருக்கிறார். ஆனாலும் கேட்டேன். ஜப்பான்காரர்கள் பின்னால் வர, ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. எலிசேயோ கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். அதிகாரி கடைசியில்தான் இடத்தை விட்டு நகர வேண்டும் என்பது அவருடைய வழக்கம்; எந்த முகாமிலும், எந்தச் சண்டையிலும் அதை மாற்றியதில்லை. கிரிஸ்புலோவுக்குக் காய்ச்சல், நடக்க முடியவில்லை. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக இறங்கினார்.

"இப்ப இங்க கடைசி ஆளு நான்தான். இன்னும் வரலை. அதுக்குள்ள அவரக் கிளப்புறீங்களே?" என்றார் கிரிஸ்புலோ.

நீங்கள் வருவதற்கு இன்னும் நாளாகும் என்றேன். ஜப்பான்காரனிடமும் மூன்று மனைவிகளிடமும் தப்பித்தவன், இதிலும் கொஞ்ச நாள் தப்பிப்பேன் என்றார்.

அடக்கம் நடந்த நாளில் இதே இடத்தில் ஓர் இளம் அதிகாரி என்னிடம் வந்து, "இங்க மனைவிகளுக்கு இடம் கிடையாது, மேடம். வீரர்களுக்கு மட்டும்தான்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நான் கேட்கவில்லையே என்று பதில் சொன்னேன். உண்மையில் நான் கேட்டிருக்கவில்லை.

நவம்பர் 2, புதன்

மெழுகு சேலையில் ஒட்டிவிட்டது. இஸ்திரி போட்டு எடுத்தேன். இந்த ஊரில் சேலை கட்டுபவள் நான் ஒருத்தி. சேலையைப் பார்த்ததும் 'பம்பாய்' என்பார்கள்; இங்கே வட்டிக்குக் கொடுக்கும் இந்தியர்களுக்கு அதுதான் பெயர். வட்டி வசூலிக்க வந்திருக்கிறேன் என்று பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள்.

நவம்பர் 8, செவ்வாய்

அந்த மனிதரின் அடக்கத்தை நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. என் மனு நாளைக் காலைத் தபாலில் போகிறது, பதிவுத் தபாலில்.

நவம்பர் 12, சனி

இங்கே மரியாதையாகப் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் 'போ' என்று சேர்ப்பார்கள். வந்த புதிதில் சந்தையில் மீன்காரி ஒவ்வொரு வார்த்தைக்கும் என்னைப் போ, போ என்றாள். விரட்டுகிறாள் என்று வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். எலிசேயோ நாற்காலியிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் வரும்போதெல்லாம், தைப்பிங்கில் என் அப்பாவிடம் கற்றுக்கொண்ட தமிழில், "நான் வரவா, போ?" என்பார். இன்று திடீரென்று அதை நினைத்துச் சிரித்தேன். நெனிதா என்னவென்று கேட்டாள். விளக்கிப் பார்த்தேன். இரண்டு மொழியும் தெரிந்தால்தான் சிரிப்பு வரும்.

தைத்து வந்த ஷூவை மேசைமேல் வைத்துவிட்டேன். கெட்ட சகுனம் என்று கீழே எடுத்து வைத்தாள். அவளிடம் ஷூவைப் பற்றி நிறையச் செய்தி இருக்கிறது. இறந்தவர்களுக்குப் பெட்டியை மூடும் முன் ஷூவைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுக்கு நடந்து வருவார்கள், காலடி கேட்கும் என்றாள்.

இது எனக்குப் புதிதல்ல. எலிசேயோவின் அக்கா, கடைசி நாளில் பெட்டியருகே இதையே சொல்லி அவருடைய பூட்ஸைக் கழற்றப் போனார். நான் விடவில்லை. கர்னல் வெறுங்காலோடு போக முடியாது, அது ராணுவ விதி என்றேன். அப்படி ஒரு விதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கான்வென்டில் எங்களுக்கு மூடநம்பிக்கை பாவம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இதையெல்லாம் நம்புவதில்லை.

தாழ்ப்பாளைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடட்டுமா என்று நெனிதா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 18, வெள்ளி

மீனை முள்ளெடுத்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் காட்டினார்கள். யாருக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் ஹெலிகாப்டரில் அந்த மனிதரின் உடலைக் கொண்டுவந்து நண்பகலில் புதைத்துவிட்டார்கள். மரியாதை வேட்டு முழங்கும் சத்தம் வந்தது. மீனை மூடி வைத்துவிட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டேன்.

எங்கே போவது என்று தெரியாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் கிரிஸ்புலோ வந்து இறங்கினார், பழைய சீருடையில், பதக்கங்களோடு. பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. சரிசெய்துவிட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் சாலையில் கூடியிருக்கிறார்கள் என்றார். போனோம். மழை. பிள்ளைகள் எங்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். என்னை யாரென்று கேட்டார்கள், பெயரைச் சொன்னேன். ஒரு பெண்ணுக்கு மட்டும் கர்னல் மக்பானுவாவைத் தெரிந்திருந்தது. ஓட்டுப்பெட்டிகளை மாற்றச் சொன்னபோது சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கழற்றி, மடித்துக் கொடுத்தார் என்று திருத்தினேன்.

குடையை கிரிஸ்புலோ என் பக்கமே பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 24, வியாழன்

எழுத்தில் பதில் வந்தது. முத்திரை, கையொப்பம் எல்லாம் சரி. டிசம்பர் 12, திங்கள் காலை எலும்புகளை எடுத்துக்கொள்ளலாம். அந்த இடம் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படும்.

கோயிலுக்குப் போய் மாடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே ஒரு பல்லி. துடைத்தேன். இரண்டு பெட்டி தாராளமாகக் கொள்ளும்.

டிசம்பர் 3, சனி

கிரிஸ்புலோவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்த மழை. போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய் இருந்தாலும் வாய் ஓயவில்லை. லூஸ் பேச வேண்டாம் என்றாள். அவளை வெளியே போய்க் காப்பி குடிக்கச் சொன்னார்.

"மேடம், கர்னல் எதுவரைக்கும் அங்க இருப்பாரு?"

"பன்னிரண்டாம் தேதி வரை."

"அப்ப நான் சீக்கிரம் போகணும்" என்றார்.

இப்படிப் பேசுவது பாவம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். கிளம்பும்போது அவர் கையைத் தொட்டேன். கொதித்தது.

டிசம்பர் 5, திங்கள்

இன்று காலை கிரிஸ்புலோ இறந்துவிட்டார். லூஸ் ஃபோனில் சொன்னாள்.

நெனிதா காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆறிவிட்டது. மறுபடி கொண்டுவந்தாள்.

டிசம்பர் 9, வெள்ளி

பெட்டியை மூடும் முன் லூஸ் அவருடைய பூட்ஸைக் கழற்றினாள். வைக்க இடமில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தாள்.

"அப்பா நடந்தது போதும், ஆன்ட்டி. எங்களத் தேடி வர வேணாம், ஓய்வெடுக்கட்டும்" என்றாள்.

பூட்ஸில் கனமே இல்லை. குழந்தையின் ஷூ போல இருந்தது. வண்டியில் போகும்போதும் மடியிலேயே வைத்திருந்தேன். அவர் ஓய்வெடுப்பதே லூஸுக்குப் போதுமானதாக இருக்கிறது. அவளுக்கு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடு நிறைய ஆட்கள்.

அவர் இடம் எலிசேயோவின் வரிசைக்கு எதிர்வரிசை. எலிசேயோவின் சிலுவையில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள், திங்கட்கிழமை தோண்டும் ஆட்களுக்கு அடையாளமாக. கிரிஸ்புலோவை இறக்கினார்கள். துப்பாக்கி மரியாதை முடிந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வந்தாயிற்று, சமையல்காரரிலிருந்து சார்ஜென்ட் வரை. ஈர மண்ணுக்கு எதிரே அந்த நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தன் ஆட்களை விட்டுவிட்டு எலிசேயோ முதலில் எழுந்து போனதாக யாரும் சொல்லக் கூடாது. அந்த மனிதர் வந்தார் என்பதற்காகக்கூட.

எழுந்து போய் நாடாவை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, கூட வந்திருந்த நெனிதா பல்லால் கடித்து இழுத்தாள். கேப்டன் உமாலி ஓடி வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். திங்கட்கிழமை யாரையும் அனுப்ப வேண்டாம், கர்னல் இங்கேயே இருப்பார் என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கி, "அத எழுத்துல தருவீங்களா, மேடம்?" என்றாள்.

இந்தக் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்கும் முதல் அதிகாரி. தருகிறேன் என்றேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

ரஃபாயெலிடம் முடிவைச் சொன்னேன். நல்லதும்மா என்றான். பிறகு தொடர்பு அறுந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லம்மா. அந்த மாடத்துல நீங்க தனியா இருப்பீங்களே, அத யோசிச்சேன்" என்றான்.

என் மகன் இவ்வளவு யோசிப்பான் என்று எனக்குத் தெரியாது. அந்த முட்டை விஷயம் நினைவிருக்கிறதா என்று அவனிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். அவனுக்கு வெளியே போக நேரமாகிவிட்டது.

மதியம் நெனிதாவிடம் தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவரச் சொன்னேன். முன்கதவுத் தாழ்ப்பாளுக்கு விட்டேன். ஒன்றிரண்டு முறை அசைத்ததும் நகர்ந்தது. உண்மையில் அவ்வளவு துரு இல்லை. போட்டேன். இனி அவர் நடந்து வர வேண்டியதில்லை. நெனிதா பார்த்துக்கொண்டே நின்றாள். நான் போகும்போது ஷூவைக் கழற்ற வேண்டாம், அடி புதிதாகத் தைத்தது என்று அவளிடம் சொல்லி வைத்தேன். சரி, போ என்றாள்.

பிறகு உட்கார்ந்து கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் தமிழை இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்லறைத் தோட்டக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

என் கணவர் கர்னல் எலிசேயோ மக்பானுவாவின் எலும்புகளை எடுக்க நான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் தம் இடத்திலேயே இருப்பார்.

இன்னொரு விஷயம். அவரை அடக்கம் செய்த நாளில், மனைவிகளுக்கு அங்கே இடம் கிடையாது என்று ஓர் அதிகாரி என்னிடம் வாய்மொழியாகச் சொன்னார். அந்த விதியை நான் எழுத்தில் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் இடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கென்று தனிக் குழி வேண்டாம். அவருடைய குழியிலேயே, மேலே ஒரு சவப்பெட்டி அளவு ஆழம் போதும். பெயர் பொறிப்பதானால் ரெஜினா சவரிமுத்து மக்பானுவா, பிறந்த ஊர் தைப்பிங், மலாயா என்று பிழையில்லாமல் பொறிக்க வேண்டும்.

எனக்கு எண்பத்தாறு வயது. தயவுசெய்து ஃபோன் செய்ய வேண்டாம். உங்கள் பதில் எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்.